ஒரு பக்கம் சிறுசு, ஒரு பக்கம் பெருசு: கத்திக்கு முன்னால் அளவுநாடா

இரண்டு மார்பும் ஒரே அளவில் இல்லை என்பது சட்டை தைக்கக் கொடுக்கும் இடத்தில்தான் பலருக்கு முதலில் தெரிய வரும். “ஒரு பக்கம் பிடிக்குது, ஒரு பக்கம் லூசா கிடக்குது” என்பார் தையல்காரி. கண்ணாடியில் படாதது நாடாவில் பட்டுவிடும்.

இரண்டு மார்பும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிற பெண் கிடையாது. நிறையப் பேருக்கு இடதுபக்கம் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை, கவனிக்க வேண்டியதும் இல்லை. வித்தியாசம் ஒரு கப் அளவைத் தாண்டினாலோ, ஒரு காம்பு மற்றதைவிட 2 செ.மீ. அளவு இறங்கி நின்றாலோதான் உடை காட்டிக்கொடுக்கத் தொடங்கும். மார்பை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை போராடிய குமரி மாவட்ட மண் இது. அதே மண்ணில் இன்றும் இதைப் பற்றி அம்மையிடம்கூடப் பேசாமல், பெரிய துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கல்லூரிக்காலத்தைக் கழித்துவிடுகிற பெண்பிள்ளைகள் உண்டு.

பேசத் துணிந்தவர்கள் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “சின்னதைப் பெருசாக்க முடியுமா?” அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டில் எது இயல்பான மார்பு? சிறியதுதான் குறை என்று கண் சொல்லும். பல நேரம் பெரியதுதான் அளவு மீறி வளர்ந்திருக்கும். சில நேரம் இரண்டுமே சரியாக இருந்து, அவை உட்கார்ந்திருக்கும் நெஞ்சுக்கூடு சாய்ந்திருக்கும்.

வீட்டிலேயே அளக்கலாம். மாதவிலக்கு தொடங்கி ஏழிலிருந்து பத்து நாளுக்குள் அளப்பது நல்லது. அதற்கு முந்தைய வாரத்தில் மார்பு நீர் கோத்து வீங்கியிருக்கும், கணக்கு தப்பும். நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, கழுத்துக்குக் கீழே இரண்டு காறை எலும்பும் சேரும் குழியிலிருந்து காம்பு வரை நாடாவை வையுங்கள். பெரிதாகத் தொங்காத மார்பில் இது 19 முதல் 21 செ.மீ. வரை வரும். அடுத்து, காம்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை அளங்கள். மூன்றாவது, மார்பு நெஞ்சில் ஒட்டியிருக்கும் அடிப்பகுதியின் அகலம். முதல் அளவு மட்டும் வேறுபட்டால் அது தொய்வு. அகலமே வேறுபட்டால் வளர்ச்சியிலேயே வித்தியாசம். இந்த இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

பருமன் வித்தியாசத்துக்கு ஒரு சமையலறைக் கணக்கு உண்டு. மெல்லிய துணிப்பையில் அரிசியை அளந்து போட்டு, இறுக்கமான பாடியில் சிறிய பக்கத்தில் வைத்து, மேலே சட்டை போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும்வரை கூட்டிக் குறையுங்கள். கடைசியில் நின்ற அரிசி எத்தனை மில்லி என்று பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். 200 மி.லி. டம்ளரில் பாதிகூட வரவில்லை என்றால், அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு நல்ல பாடி வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இன்னும் இரண்டு சோதனைகள். கும்பிடுவதுபோல் உள்ளங்கைகளை நெஞ்சுக்கு முன் சேர்த்து அழுத்துங்கள். அக்குளின் முன்பக்கம் ஒரு தசை வரிந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் அது எழவே இல்லை என்றால் போலண்ட் குறைபாடாக இருக்கலாம். 1841-ல் லண்டனில் ஆல்ஃப்ரெட் போலண்ட் பதிவு செய்தது இது. நெஞ்சுத்தசையின் ஒரு பகுதி பிறவியிலேயே இருக்காது. வலப்பக்கம்தான் அதிகம் வரும். சிலருக்கு அந்தப் பக்கக் கைவிரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ இருக்கும். அடுத்த சோதனை, முழங்காலை மடக்காமல் முன்னே குனிவது. முதுகில் ஒரு பக்கம் திமில்போல் உயர்ந்தால் முதுகெலும்பு வளைந்திருக்கலாம். மேடை சாய்ந்திருந்தால் பானையும் சாய்ந்தே தெரியும். அங்கே மார்பில் கை வைத்துப் பயனில்லை, முதலில் எலும்பு மருத்துவர் பார்க்கட்டும்.

வளரும் வயதில் செய்யும் தவறு

எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயதுக்குள் மார்பு மொட்டு விடும். அது ஒரு பக்கம் முதலில் வருவது சகஜம். மறுபக்கம் சில மாதம் கழித்துத்தான் தொடங்கும். காம்புக்கு அடியில் நெல்லிக்காய் போல் ஒன்று தட்டுப்பட்டு, தொட்டால் வலிக்கும். அதைக் கட்டி என்று நினைத்து அறுத்து எடுத்தால், அந்தப் பக்கம் ஆயுசுக்கும் மார்பு வளராது. எடுக்கப்பட்டது கட்டி அல்ல, மார்பின் விதையே அதுதான். இந்த வயதில் ஊசியோ கத்தியோ வைக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் சம்மதிக்க வேண்டாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்று போதும்.

குழந்தைப் பருவத்தில் கொதிக்கும் கஞ்சியோ சாயாவோ நெஞ்சில் கொட்டி வெந்த பிள்ளைகள் தனிக்கதை. தோல் வெந்திருந்தாலும் அடியில் இருக்கும் மொட்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஆனால் தழும்பு இரும்புப்பட்டைபோல் இறுக்குவதால் வெளியே தள்ள வழியில்லாமல் கிடக்கும். இவர்களை “பதினெட்டு வயசு ஆகட்டும்” என்று காத்திருக்கச் சொல்வது தவறு. மொட்டு விடும் சமயத்திலேயே தழும்பை வெட்டித் தளர்த்தி, அந்த இடத்தில் தோல் ஒட்டினால் மார்பு தானே எழும்பி வரும். கைக்குழந்தையாக இருக்கும்போது நெஞ்சின் பக்கவாட்டில் இருதய ஆபரேஷன் நடந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கம் வளர்ச்சி குறையலாம். பழைய தழும்பை டாக்டரிடம் காட்ட மறக்கக் கூடாது.

மற்ற எல்லோருக்கும் காத்திருப்பதுதான் வழி. பொதுவாக 18 வயது முடிந்து, ஒரு வருடமாக அளவு மாறாமல் நிற்க வேண்டும். 15 வயதில் சரிசெய்த பக்கம் அப்படியே நிற்க, மறுபக்கம் தொடர்ந்து வளர்ந்தால் மறுபடியும் ஆபரேஷன் மேசையில் ஏற வேண்டியிருக்கும்.

இதற்கு விலக்கு ஒன்று: வளரும் வயதில் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஒரு பக்கம் மட்டும் மளமளவென்று பெருத்தால் உள்ளே பெரிய ஃபைப்ரோ அடினோமா கட்டி இருக்கலாம். 5 செ.மீ.க்கு மேல் வளரும் இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதும். நசுங்கிக் கிடந்த நல்ல மார்பு மெல்ல விரிந்து, நீண்ட தோல் சுருங்கி, பல பேருக்குத் தானாகவே மறுபக்கத்தோடு ஒத்து வந்துவிடும். அதே நாளில் தோலையும் வெட்டி மார்பைத் தூக்கிக் கட்டுவது அவசரம். குறைந்தது ஆறு மாதம் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு விதி. இத்தனை வருடம் சமமாக இருந்தது இப்போது மாறினால் அது அழகுப் பிரச்சினை அல்ல. புதிதாக ஒரு பக்கம் வீங்குவது, சுருங்குவது, காம்பு உள்ளே இழுப்பது, தோல் ஆரஞ்சுத்தோல்போல் குழிகுழியாவது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி தட்டுவது: இவற்றில் ஏதாவது இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போவதற்கு முன் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவிலோ வேறு நல்ல சர்ஜனிடமோ காட்ட வேண்டும். வேண்டுமென்றே செய்துகொள்ளும் சீரமைப்பானாலும் முன்னதாக ஸ்கேன் உண்டு. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மார்பகத்துக்கென்றே எடுக்கும் எக்ஸ்ரேயான மேமோகிராமும் சேரும்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். குழந்தை ஒரு பக்கத்தையே விரும்பிக் குடித்தால் அந்தப் பக்கம் பெருத்து நிற்கும். பால் நிறுத்திய பிறகு அது மெல்ல வடியும். நிறுத்தி ஆறு மாதமாவது ஆகாமல் அளவெடுப்பதே வீண்.

கத்தி இல்லாமல்

பெரிய பக்கத்துக்குப் பொருந்தும் பாடியை வாங்கி, சிறிய பக்கத்தை நிரப்ப வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, பெரிய பக்கத்தைப் பிதுக்கி வைத்துவிடுகிறார்கள். இரண்டு வாரையும் தனித்தனி நீளத்தில் வைக்கலாம். ஸ்பாஞ்ச் இலேசானது, கையைத் தூக்கினால் மேலே ஏறிவிடும். சிலிக்கான் பேட் எடை உள்ளதால் இடத்தில் நிற்கும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வெறும் சிலிக்கான் தோலில் பட்டால் வேர்த்து, அடிமடிப்பில் படை வரும். கப்புக்குள் பருத்திப் பை தைத்து அதில் வைக்கச் சொல்லுங்கள். தினமும் கழுவி உலர்த்த வேண்டும்.

தையல்காரியிடம் கூச்சப்படாமல் இரண்டு பக்கத்துப் பாயிண்ட்டையும் தனித்தனியே அளக்கச் சொல்லலாம். மார்பு வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்பான டாட்டை இரு பக்கமும் ஒரே அளவில் பிடிப்பதால்தான் ஒரு பக்கம் சுருங்கி நிற்கிறது. மார்பின் மேலாக நீளத் தையல் இறங்கும் ‘பிரின்சஸ் கட்’ முறையில் இரண்டு பக்கத் தையலையும் வேறு வேறாக இழுக்க முடியும். இதற்கு ஆகும் செலவு ஒரு சட்டைக்கூலி.

எண்ணெய், தடவல், மாத்திரை, உறிஞ்சும் பம்பு எதுவும் ஒரு பக்கத்தை மட்டும் வளர்க்காது. வர்மத் தடவலுக்குப் பெயர் போனதுதான் நம் மாவட்டம். சுளுக்குக்குப் போங்கள், இதற்குப் போக வேண்டாம்.

கத்தி வைப்பதென்றால்

இரண்டில் எது இயல்பான மார்பு என்ற அந்த முதல் கேள்வி இங்கேதான் திரும்ப வரும். ஆபரேஷன் முடிந்த மாதத்தில் இரண்டும் சமமாக இருப்பது பெரிய விஷயமல்ல, பதினைந்து வருடம் கழித்தும் ஒன்றாக வயதாக வேண்டும். பெரிதாக்க உள்ளே சிலிக்கான் பை வைத்த மார்பு ஒரு மாதிரி வயதாகும், வைக்காத மார்பு வேறு மாதிரி. பிள்ளை பெற்று, எடை கூடிக் குறைந்த பிறகு இயல்பான பக்கம் இறங்கும். பை இருக்கும் பக்கம் மேலேயே நிற்கும். அதனால் பெரிய பக்கத்தைக் குறைத்துச் சரியாகுமென்றால், அதுவே முதல் தேர்வு. உள்ளே அந்நியப்பொருள் இல்லை, இரண்டு பக்கமும் சொந்தச் சதை, எடை கூடினால் இரண்டும் கூடும். விலை என்னவென்றால் தழும்பு.

குறைக்கும் ஆபரேஷனில் தழும்பு மூன்று விதம். கொஞ்சமாகக் குறைக்கக் கருவட்டத்தைச் சுற்றி மட்டும். நடுத்தரத்துக்கு வட்டமும் அதிலிருந்து கீழே ஒரு கோடும். நிறையக் குறைக்க அடிமடிப்பிலும் ஒரு கோடு சேர்ந்து, தலைகீழ் டி (T) வடிவம். வட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டி நிறையத் தூக்கித் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். இழுவிசை தாங்காமல் கருவட்டம் விரிந்து, தழும்பும் அகன்றுவிடும். பொதுவாகக் காம்பைப் பிய்த்து ஒட்டுவதில்லை. ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள அடிச்சதையோடு சேர்த்து அப்படியே மேலே நகர்த்துகிறார்கள். காலையில் நிற்கவைத்து மார்க்கரால் கோடு போடுவார்கள். படுத்தபின் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும் என்பதால் அந்தக் கோடுதான் வரைபடம். தையல் முடிக்கும் முன் மேசையை நிமிர்த்தி உட்காரவைத்துச் சரிபார்க்கிற சர்ஜனாக இருப்பது நல்லது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முழு மயக்கத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். கெட்டி உணவு 6 மணி நேரம் முன்பும் தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். ரத்தமும் நீரும் வடியக் குழாய் வைத்தால் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் திடீரென்று கல்லாக வீங்கி விண்விண்ணென்று வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது, திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். காம்பு நீலம் பாய்ந்தாலும் உடனே சொல்ல வேண்டும், சில தையலைத் தளர்த்தினால் காப்பாற்றலாம். டி வடிவின் முச்சந்தியில் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் சிறிது பிரிவது அடிக்கடி நடப்பது. பார்க்கப் பயமாக இருக்கும், கட்டுப்போட்டே ஆறிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் கூடுதல். காம்பின் உணர்ச்சி குறையலாம், சிலருக்குப் போய்விடும். பால் சுரப்பும் குறையலாம், எவ்வளவு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மறுபக்க மார்பு முழுதாக இருக்கிறது, ஒரு பிள்ளைக்கு அது ஒன்றே போதும்.

சிறிய பக்கத்தில் சதையே இல்லாதவர்களுக்குப் பை வைப்பதைத் தவிர்க்க முடியாமல் போகும். அடிமடிப்பில் 4, 5 செ.மீ. வெட்டி, நெஞ்சுத்தசைக்கு அடியிலோ, அதற்கு மேலே மார்புச் சதைக்கு அடியிலோ வைக்கிறார்கள். தசைக்கு அடியில் வைத்தால் விளிம்பு தெரியாது. ஆனால் ரப்பர் பால் வெட்டுபவர், மீன் கூடை தூக்குபவர் போல் நெஞ்சுத்தசைக்கு நாள் முழுக்க வேலை கொடுப்பவர்களுக்குத் தசை இறுகும்போதெல்லாம் பையும் நகர்ந்து தெரியும். வேலை என்ன என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பையைச் சுற்றி உடல் ஓர் உறை போடும். அந்த உறை சிலருக்கு இறுகி, மார்பு பந்துபோல் கெட்டியாகி வலிக்கும். அப்போது உறையை எடுத்து மறு ஆபரேஷன்தான். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட பைகளுக்கும் அரிதான ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவந்து, 2019 ஜூலையில் பை தயாரிக்கும் அலர்கன் நிறுவனம் தன்னுடைய அந்த வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. மழமழப்பான பையா என்று கேளுங்கள். பை ஆயுட்காலத்துக்கானது அல்ல. வைத்த ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், அதன்பின் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பரிந்துரை. 22 வயதில் வைத்தால் வாழ்நாளில் இன்னும் சில முறை மேசை ஏறக் காசு எடுத்துவைக்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு, கொழுப்பு மாற்றுவது. வயிறு, தொடையிலிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி, சிறிய பக்கத்தில் நூல் நூலாகப் பல இடத்தில் விடுகிறார்கள். மொத்தமாக ஒரே இடத்தில் கொட்டினால் ரத்த ஓட்டம் கிடைக்காமல் செத்து, எண்ணெய்க்கட்டியாகும். விட்டதில் ஏறக்குறையப் பாதி நிற்கலாம். எனவே மூன்று மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும். 100, 150 மி.லி. வித்தியாசத்துக்கு இது அருமையான வழி. ஒல்லிப்பிள்ளைகளுக்கு எடுக்கக் கொழுப்பே இருக்காது. பிற்காலத்தில் ஸ்கேன் எடுக்கும்போது இதைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பழைய எண்ணெய்க்கட்டியைப் பார்த்து ஊசி குத்திப் பார்க்கச் சொல்வார்கள்.

குழாய்வடிவ மார்பு என்று ஒன்று இருக்கிறது. அடிப்பகுதி குறுகி, மடிப்பு மேலேறி, கருவட்டம் பிதுங்கி நிற்கும். இதில் பை மட்டும் வைத்தால் பழைய மடிப்பு இறங்காமல் நின்று, ஒரு மார்புக்குக் கீழே இன்னொரு மேடு தெரியும். உள்ளிருந்து சதையைக் கதிர்கதிராகக் கீறி விரித்து, மடிப்பைக் கீழே இறக்கி, பிறகுதான் நிரப்ப வேண்டும். இதைச் செய்து பழகியவரிடமே போக வேண்டும். போலண்ட் குறைபாடு பெரிதாக இருந்தால் முதுகுத்தசையை ரத்தக்குழாயோடு முன்னே திருப்பிக் கொண்டுவருவார்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்து முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடிவருவது இங்கே வழக்கம். அந்த நேரத்தில் தழும்பு சிவந்து, வீக்கம் வடியாமல், கைதூக்க முடியாமல் இருக்கும். தழும்பு வெளுக்க 12 முதல் 18 மாதம் ஆகும். கல்யாணத்துக்குக் குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் முன்பே செய்ய வேண்டும். நம் தோலுக்குத் தழும்பு தடிக்கும் குணம் அதிகம். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ புடைத்திருந்தால் முன்கூட்டியே காட்டுங்கள். காயம் ஆறியபின் சிலிக்கான் ஷீட்டை நாளுக்கு 12 மணி நேரம், குறைந்தது மூன்று மாதம் ஒட்ட வேண்டும். வேர்வையில் கழன்றுகொண்டே இருக்கும், பகலில் ஜெல்லும் ராத்திரியில் ஷீட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். தடித்தால் உள்ளே ஊசி போட்டு அமுக்குவார்கள்.

முதல் நான்கு முதல் ஆறு வாரம் கம்பியில்லாத இறுக்கமான பாடி, ராத்திரியும். குடம் தூக்கக் கூடாது. மூன்று நான்கு வாரம் ஸ்கூட்டி வேண்டாம். திருவனந்தபுரத்தில் செய்துகொண்டால் மறுநாளே ஊருக்குத் திரும்பாமல் இரண்டு மூன்று ராத்திரி பக்கத்திலேயே தங்குங்கள். ரத்தம் கட்டினால் வழியில் மார்த்தாண்டத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. காரில் வரும்போது சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை.

செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. / டிஆர்.என்.பி. சிறப்புப் பட்டம் முடித்திருக்க வேண்டும். பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பட்டியலில் பார்க்கலாம். பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும். போட்டோ எடுப்பது அவசியம்தான், ஆனால் கழுத்துக்குக் கீழே மட்டும். யாருடைய போனில் எடுக்கிறார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகளில் அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி இருப்பதால், வெறும் அளவு வித்தியாசத்துக்கு இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பது அந்த விலக்கில் சேராது. ஆகவே பழைய தீக்காயச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018-லேயே மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்யத் தொடங்கியது. தொகை பேசும்போது மயக்க மருந்து, தியேட்டர், பை, பாடி, சதைப் பரிசோதனை எல்லாம் சேர்ந்ததா என்றும், சமமாக வராமல் இரண்டாவது முறை செய்ய வேண்டிவந்தால் யார் செலவு என்றும் எழுத்தில் வாங்குங்கள். பை வைத்தவர்கள் அதோடு வரும் அட்டையையும் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி, அளவு, வரிசை எண் மூன்றும் அதில் இருக்கும். ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள்.